பள்ளத்தில் தேங்கிய உப்பு: பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மீட்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை வெயிலில் பிச்சாவரத்து ஓடைகளில் படகில் போகிறவருக்கு இரு கரையிலும் பச்சைச் சுவர்தான் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சுவரை விலக்கிக்கொண்டு இருபது முப்பது மீட்டர் உள்ளே போனவருக்குக் கிடைத்த காட்சி வேறு. சீரழிந்த திட்டுகளின் நடுவில் மரமே இல்லை. வெடித்த களிமண், கால் வைத்தால் நொறுங்கும் உப்புப் பொருக்கு, ஆங்காங்கே கருத்துப்போன அடிக்கட்டைகள், விளிம்பில் கொஞ்சம் உமரிச் செடி. ஓரம் பிழைத்து நடு செத்துப்போன இந்த அமைப்புதான் முழு விவகாரத்துக்கும் துப்பு. விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் அழிந்த காடு இப்படி அழியாது. மனிதரானாலும் மாடானாலும் முதலில் கை வைப்பது எட்டுகிற ஓரத்தில்தான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையில் இருக்கிறது இந்தக் காடு. ஓடைகள் அதை 51 திட்டுகளாகப் பிரிக்கின்றன. கடல்நீர் சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாகவும் இரண்டு ஆற்று வாய்கள் வழியாகவும் ஏறி இறங்குகிறது. நன்னீர் உப்பனாறும் கான்சாகிப் கால்வாயும் கொண்டு வருவது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பதிவான பரப்பு 1,478.64 ஹெக்டேர். ஓடையை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையாகச் சுரபுன்னை, அதன் பின்னால் பெரும்பரப்பில் வெண்கண்டல், மேட்டுப் பகுதியில் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த மரத்தைக் காட்டில் வளர்ந்த நிலையில் பார்க்க இன்று இங்கேதான் வரவேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் அதன் பாலைப் பற்றி முதலிலேயே எச்சரிக்கப்படுவார்கள். கிளை ஒடித்த கையோடு கண்ணைக் கசக்கினால் அன்றைய வேலை போச்சு.

காவிரிப் படுகையில் கடைசி வயலைக் கடைமடை என்கிறோம். அந்தக் கடைமடைக்கும் அடுத்தது இந்தக் காடு. மேலே அணைக்கட்டிலிருந்து வயல்வெளி வரை நடப்பதெல்லாம் இங்கே வந்து சேரும். வராமல் போகிற தண்ணீரும் கணக்கில் உண்டு.

கூப்பு செய்த வேலை

நெடுங்காலம் பழி சுற்றுவட்டக் கிராமங்கள் மேல்தான் விழுந்தது. வெட்டினார்கள், மேய்த்தார்கள், அதனால் காடு போயிற்று என்று. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து காரணத்தைத் தேடியபோது, முதன்மைக் காரணம் காட்டை நிர்வகித்த முறையிலேயே இருந்தது தெரிந்தது. 1911 தொடங்கி 1970-கள் வரை இங்கே கூப்பு முறை நடப்பில் இருந்தது. காட்டைப் பாகம் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் மொட்டையாக வெட்டி எடுப்பதுதான் கூப்பு. மேட்டு நிலக் காட்டில் வெட்டிய இடம் துளிர்த்து வரலாம். ஏற்றவற்றம் குறைந்த இந்தக் கழிமுகத்தில் அது வேறு விளைவைத் தந்தது.

நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுகிறது. அலையாத்திச் சேறு முக்கால்வாசி தண்ணீரும் மட்கிய வேரும்தான். அது காயக் காயச் சுருங்கும், செத்த வேர் மட்க மட்க அமுங்கும். ஓடைக்கரையோ வண்டல் படிந்து இயல்பாகவே சற்று மேடு. ஓரம் அப்படியே நிற்க நடு இறங்கியதும் திட்டு ஒரு தாம்பாளம் ஆகிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் கடல்நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். வற்றத்தில் வெளியே போக வழி இல்லை.

ஒரு சதுர மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்கினால் அது 200 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் 7 கிலோ உப்பு. கோடையில் நாளுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர் ஆவியாகும். அடுத்த பெரிய ஏற்றம் வரப் பதினைந்து நாள். அதற்குள் சுமார் 10 சென்டிமீட்டர் நீர் போய்விடும், உப்பு மட்டும் முழுசாக இருக்கும். லிட்டருக்கு 70 கிராம். அப்போது புதுத் தண்ணீர் வந்து நிரம்பினாலும் அதுவும் தன் பங்கு உப்போடுதான் வருகிறது. மூன்று நான்கு சுற்றில் மண்ணின் ஈரம் உப்பளத்துப் பாத்தியோடு போட்டி போடும். கடல்நீரைவிட இருமடங்கு உப்பைத் தாங்கக்கூடிய வெண்கண்டலே அதற்கு மேல் தாங்காது, விதைப் பருவத்தில் சுத்தமாகத் தாங்காது.

அடுத்துள்ள மரங்களிலிருந்து விதை வராமல் இல்லை. ஏற்றத்தில் மிதந்து வந்து அதே தாம்பாளத்தில் மாட்டிக்கொண்டு, வேர் விட்ட சில வாரத்தில் கருகிவிடும். சுரபுன்னையை அடியோடு வெட்டினால் மறுபடி துளிர்க்காது என்பது இன்னொரு சிக்கல். இந்த நிலத்தில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் நட்ட புகைப்படம் மட்டும்தான் மிஞ்சும். நடவு இங்கே கடைசி வேலை. முதல் வேலை தண்ணீர் போகவும் வரவும் வழி செய்வது.

மட்டம் பார்ப்பது

பிச்சாவரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக ஒரு மீட்டருக்கு உள்ளேதான். இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும் கரைகளில் கால்வாய் மட்டத்தில் பத்து சென்டிமீட்டர் தப்பினாலும் காரியம் நடக்கும். இங்கே அந்தப் பத்து சென்டிமீட்டரில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் மண்வெட்டி எடுப்பதற்கு முன் மாசி, பங்குனியில் மட்டக் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

மட்டக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டமே போதும், குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால். அசையாத ஒரு முளையை அடிப்படை மட்டமாக வைத்து, பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று திட்டின் குறுக்கே கணக்கு எடுக்க வேண்டும். தேடுவது மூன்று எண்கள்: பள்ளத்தின் ஆக அடி மட்டம், அதைச் சுற்றிய விளிம்பின் ஆகத் தாழ்ந்த இடம், பக்கத்து ஓடையில் வற்றத்து நீர்மட்டம். பள்ளத்து அடி வற்றத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் கால்வாய் வெட்டியும் வடியாது, அந்தத் திட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

மட்டக் கணக்கோடு அளவுக்கோல் கம்பும் நட வேண்டும். ஓடையில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. பௌர்ணமியன்று ஒரு நாள், அட்டமியன்று ஒரு நாள், அரை மணிக்கு ஒரு முறை இரண்டிலும் நீர் நிற்கும் உயரத்தைக் குறிக்க வேண்டும். பௌர்ணமியில் ஓடைக் கம்பில் நீர் ஏறி இறங்கிவிட்டது, பள்ளத்துக் கம்பில் ஏறியது அப்படியே நிற்கிறது என்றால் நோய் உறுதி. அட்டமியில் பள்ளத்துக் கம்புக்குப் புதுத் தண்ணீர் வரவே இல்லை என்பதும் சேர்ந்து தெரியும்.

உப்பை அளக்க, 30 சென்டிமீட்டர் குழி தோண்டி, ஊறி வரும் நீரில் ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளவு காட்டும் கருவியில் விட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கைக்கருவி லிட்டருக்கு 100 கிராம் வரைதான் காட்டும். அதைத் தாண்டினால் சமபங்கு வாலைவடிநீர் கலந்து பார்த்து விடையை இரட்டிப்பாக்கிக்கொள்வது. மேலே நிற்கும் நீரை அளந்து திருப்திப்படுகிறவர்கள் உண்டு. வேர் குடிப்பது அந்த நீரை இல்லை.

மீன்முள் கால்வாய்

தீர்வு எளிமையானது. பள்ளத்தின் குறுக்கே ஒரு முதன்மைக் கால்வாய், அதன் இருபுறமும் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும், பேரும் அதுதான். முதன்மைக் கால்வாய் இயற்கை ஓடையோடு சேருமிடத்தில் சுமார் 45 பாகைச் சாய்வு, கிளை முதன்மையோடு சேருமிடத்தில் சுமார் 30 பாகை. செங்குத்தாகச் சேர்த்தால் வரும் நீர் எதிர்க்கரையில் முட்டி வேகம் இழக்கும், வேகம் போன இடத்தில் வண்டல் விழும், ஒரே பருவத்தில் சந்தி அடைத்துக்கொள்ளும். சாய்த்து விட்டால் நீர் வழுக்கிக்கொண்டு போகும்.

குறுக்குவெட்டு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்க வேண்டும். முதன்மைக்கு மேலகலம் 3 மீட்டர், அடியகலம் ஒன்றரை, ஆழம் 1 மீட்டர் என்று வைத்தால் நூறு மீட்டருக்கு 225 கனமீட்டர் மண். கிளைக்கு மேலே 2, அடியில் 1, ஆழம் 70 சென்டிமீட்டர் என்றால் நூறு மீட்டருக்கு 105 கனமீட்டர். ஈரக் களியில் ஓர் ஆள் நாளுக்கு இரண்டு கனமீட்டர் வெட்டிக் கொட்டினால் பெரிய விஷயம். அப்படியானால் முதன்மைக் கால்வாயில் நூறு மீட்டருக்கே நூறு ஆள்நாளுக்கு மேல் ஆகும். செலவை மதிப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். உலர் நிலத்து வேலைக் கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் பாதிக் கால்வாயில் பணம் தீர்ந்துவிடும். செங்குத்துக் கரை வைத்து மண்ணைக் குறைக்கலாம் என்ற யோசனையும் வரும். முதல் மழையில் கரை சரிந்து, மிச்சம் பிடித்த மண் முழுவதும் கால்வாயில் கிடக்கும்.

அடிமட்டம் கிளையிலிருந்து முதன்மைக்கும், முதன்மையிலிருந்து ஓடைக்கும் தொடர்ந்து இறங்க வேண்டும். நடுவில் ஓரிடம் மேடாக நின்றால் அதற்குப் பின்னால் மறுபடி ஒரு குட்டித் தாம்பாளம். முதன்மையின் அடி, பள்ளத்தின் ஆகத் தாழ்ந்த புள்ளியைவிட ஒரு சாணாவது கீழே இருந்தால் மண்ணுக்குள் இருக்கும் உப்புநீரும் கசிந்து இறங்கும். அதற்காக ஓடையின் வற்றத்து மட்டத்துக்கும் கீழே தோண்டுவது வீண். அங்கே நீர் எப்போதும் அசையாமல் நிற்கும், வண்டல் படிந்து தூர்ந்துபோகும்.

வெட்டும் வரிசையும் முக்கியம். உள்ளிருந்து தொடங்கி ஓடையை நோக்கி வர வேண்டும். ஓடை முனையில் இரண்டு மூன்று மீட்டர் மண்ணைக் கடைசி வரை அடைப்பாக விட்டு வைத்தால் உள்ளே ஏற்றத்துத் தொல்லை இல்லாமல் வேலை நடக்கும். அடைப்பை உடைப்பது வற்றம் தொடங்கும் நேரத்தில். தேங்கிய உப்புநீர் முதலில் வெளியேறட்டும், அப்புறம் புதுநீர் வரட்டும். ஏற்றத்தில் உடைத்தால் ஓடைநீர் பாய்ந்து வந்து புதுக்கரையை அரித்துவிடும்.

வெட்டிய மண்ணைக் கரையோரம் நீளவாட்டில் குவிப்பது ஆகப் பெரிய தப்பு. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் அது வரப்பு. கால்வாயில் நீர் ஓடும், பள்ளத்து நீர் வரப்புக்கு அந்தப் பக்கம் முன்போலவே தேங்கும். மண்ணைத் தள்ளிக் கொண்டுபோய் மெல்லியதாகப் பரப்ப வேண்டும், அல்லது சில மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டுக் கும்பிகளாக வைக்க வேண்டும். உயரமாகக் குவித்த கும்பியில் சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆழத்துக் கருஞ்சேறு காற்றுப் பட்டால் புளித்து அமிலம் விடும் வகையாக இருந்தால், பரப்பிய இடத்தில் ஒரு மழைக்காலம் போகும்வரை எதுவும் நடக்கூடாது.

பொக்லைன் கொண்டுவந்தால் நான்கு நாளில் முடியுமே என்ற கேள்வி எப்போதும் எழும். இயந்திரம் உள்ளே போகும் பாதையிலுள்ள மரமும் போகும், சங்கிலித் தடம் பதிந்த இடமெல்லாம் புதுப் பள்ளம். வாளி ஒரு தடவை ஆழமாகப் போனால் மட்டக் கணக்கு கெடும். அதைவிட, கையால் வெட்டியவர்களுக்குத்தான் ஒவ்வொரு வளைவிலும் மண் எப்படி என்று தெரியும். அடுத்த ஆண்டு தூர்வாரப் போவது அவர்கள்தான்.

மழைக்குக் காத்திருப்பது

கோடையில் வெட்டி, அதே ஐப்பசியில் நட்டுவிட எல்லோருக்கும் ஆசை. நிதி ஆண்டும் அப்படித்தான் நெருக்கும். ஏற்றநீர் ஒரு நாளுக்கு இரண்டு தடவை வந்து போனாலும் அது மண்ணின் உப்பைக் கடல்நீர் அளவுக்குத்தான் இறக்க முடியும். அதற்குக் கீழே இறக்க வடகிழக்குப் பருவமழை வேண்டும். கால்வாய் வெட்டியபின் ஒரு மழைக்காலம் முழுசாக அலசிப் போகவிட்டு, தை மாசியில் ஒரு தடவையும், வைகாசியில் ஒரு தடவையும் குழிநீரை அளந்து பார்த்து, அடுத்த மழைக்கு நடுவதுதான் சரி. வைகாசி அளவு 50-க்குக் கீழே இருந்தால் வெண்கண்டல் பிழைக்கும். சுரபுன்னைக்கு 35-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தை மாத அளவை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அது மழையின் அளவு, நிலத்தின் அளவு இல்லை.

அந்தக் காத்திருப்பில் ஒரு லாபமும் உண்டு. கால்வாய் வழியே தானாக வந்து முளைக்கும் விதைகளை எண்ணலாம். சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு தானாக வந்து கோடை தாண்டிவிட்டால் அந்த இடத்தில் நடவே வேண்டாம்.

விதையும் நடவும்

வெண்கண்டல் விதை புரட்டாசி தொடங்கிக் கார்த்திகைக்குள் முதிரும். பசுமை மங்கி மஞ்சள் ஏறியது, தொட்டால் உதிர்வது, ஓடையில் மிதப்பது நல்ல விதை. ஊசிமுனைத் துளை இருந்தால் உள்ளே புழு. இரவு முழுக்க உப்பங்கழி நீரில் போட்டு வைத்தால் மேல்தோல் தானாகக் கழன்றுவிடும். கழன்றதை வெயில் படாமல் ஈரச்சாக்கில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் ஊன்றிவிட வேண்டும், காய்ந்தால் உதவாது. வேர்முனை கீழே, பாதி சேற்றுக்குள், பாதி வெளியே. முழுசாகப் புதைத்தால் அழுகும்.

சுரபுன்னையில் மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீளக்காயைத்தான் விதை என்கிறோம். காய்க்கும் குச்சிக்கும் நடுவே கழுத்தில் ஒரு வளையம் தெரியும். அது நிறம் மாறி மெல்ல இழுத்தாலே கழன்று வந்தால் முதிர்ந்தது. பறித்துப் பிடுங்கினால் பச்சைக் காயம், நடவுக்கு ஆகாது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் போக வேண்டும்.

இதில் பருவச் சிக்கல் ஒன்று உண்டு. ஐப்பசியில் எடுத்த வெண்கண்டல் விதையைப் பையில் போட்டால் கன்று சித்திரையில் நடவுக்குத் தயாராகும், அது நடக்கூடாத மாதம். ஆகவே இரண்டில் ஒன்று: மழையிலேயே நேராக ஊன்றுவது, அல்லது கன்றை நாற்றங்காலில் ஓராண்டு வளர்த்து அடுத்த மழைக்கு நடுவது. நேராக ஊன்றியதில் நண்டும் நீரோட்டமும் நிறையத் தின்றுவிடும், செலவு குறைவு. ஓராண்டுக் கன்று நண்டுக்குத் தப்பும், ஆனால் பைக்குள் வேர் சுருண்டிருந்தால் நட்டபின் நிமிராது. நாற்றங்கால் வீட்டுப் பக்கத்துக் குழாயடியில் இருக்கக்கூடாது. ஏற்றநீர் பையை நனைத்து இறங்கும் உயரத்தில் ஓடைக்கரையிலேயே வைக்க வேண்டும். நன்னீரில் செல்லமாக வளர்ந்த கன்று முதல் அமாவாசையில் இலை உதிர்த்துவிடும்.

நடும் இடம் கால்வாய்ச் சரிவு. மேட்டில் நட்டால் கோடையில் காயும், அடியில் நட்டால் மூச்சு முட்டும். ஏற்றத்தில் முழுகி வற்றத்தில் வெளித்தெரியும் நடுச்சரிவுதான் சரி. ஒரு மீட்டருக்கு ஒன்று என்று இரு பக்கமும் வைத்தால் நூறு மீட்டர்க் கால்வாய்க்கு இருநூறு கன்று. கால்வாய்களுக்கு இடைப்பட்ட தளத்தை நடவால் நிரப்ப வேண்டியதில்லை. சரிவில் நின்ற மரம் சில ஆண்டில் காய்க்கும், அதன் விதை தளத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நட்ட பிறகு கெடுவது பல விதம். கொட்டலசு என்ற ஓடுள்ள கடலுயிரி தண்டில் அப்பிக் கன்றைச் சாய்க்கும். ஏற்றத்தில் மிதந்து வரும் பாசியும் பிளாஸ்டிக்கும் இலையைப் போர்த்திக்கொள்ளும். சில ஆண்டுகளில் கம்பளிப்புழு வெண்கண்டல் இலையை மொட்டையாக்கும். வளர்ந்த மரம் மறுபடி தழைத்துக்கொள்ளும், சிறு கன்று பிழைக்காது. மாடு ஒரே நாளில் ஒரு கால்வாய்ச் சரிவைத் தின்று தீர்க்கும், வெண்கண்டல் இலை அதற்கு அவ்வளவு பிடிக்கும். இவை எல்லாவற்றையும்விட அதிகம் கொல்வது தூர்ந்த சந்தி. கால்வாய் ஓடையோடு சேரும் வாயில் முழங்காலளவு வண்டல் விழுந்தால் போதும், உள்ளே பழைய தாம்பாளம் திரும்பிவிடும், மூன்று வயதுக் கன்றும் சேர்ந்து கருகும்.

ஊர் எதற்கு

சந்தியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடைதான் ஊர்மக்கள் பங்கேற்பு. பதாகை பிடிக்கவோ நடவு விழாவில் கைதட்டவோ அவர்கள் தேவையில்லை. முதல் மூன்று நான்கு ஆண்டு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சந்திகளில் தூர்வார வேண்டும். அது டெண்டர் விட்டுச் செய்கிற வேலை இல்லை. அடைத்த வாரத்திலேயே தெரிய வேண்டும், அடைத்த வாரத்திலேயே எடுக்க வேண்டும்.

பிச்சாவரத்தில் கூட்டு அலையாத்தி மேலாண்மை என்ற பேரில் ஊர்தோறும் மன்றம் அமைந்தது. வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று உறுப்பினர். பெண்ணுக்குத் தனி இடம் வைத்ததற்குக் காரணம் வெளிப்படை: விறகு பொறுக்குவதும் ஆடு ஓட்டுவதும் யாரோ, அவர் இல்லாமல் எடுத்த மேய்ச்சல் முடிவு அன்று மாலைக்குள் செத்துவிடும். மன்றம், வனத்துறை, நிறுவனம் மூன்றும் உட்கார்ந்து அந்த ஊருக்கான நுண்திட்டம் எழுதின. எந்தத் திட்டு, எவ்வளவு கால்வாய், மாடு எங்கே மேயும், விறகுக்கு மாற்று என்ன என்பதெல்லாம் அதில் அடங்கும். மாற்று இல்லாமல் தடை மட்டும் எழுதிய இடங்களில் தடை காகிதத்தோடு நின்றது.

சுற்றியுள்ள ஊர்களில் வலையும் படகும் உள்ள மீனவர் ஒரு பக்கம். வலையும் இல்லாமல் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் நடந்து அடிமண்ணைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இன்னொரு பக்கம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் வாயைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டுமே. நாளெல்லாம் ஓடை அடியைத் தடவுகிறவருக்கு எந்த வாய் இறுகுகிறது, எங்கே புதுவண்டல் விழுகிறது என்பது அளவுக்கோல் கம்புக்கு முன்பே தெரியும். அந்த அறிவைத் திட்டத்துக்குள் கொண்டுவர, முதலில் பழங்குடிச் சான்றிதழ், பிள்ளைகளின் படிப்பு, பிழைப்புக்கான கருவி என்று அவர்கள் கேட்டதைச் செய்ய வேண்டியிருந்தது. காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நிதியாளர் உண்டு. கூலிக்கு வந்தவர் கால்வாய் வெட்டிக் கொடுப்பார். அடைத்த சந்தியைச் சொல்லியனுப்பாமல் போய்த் திறக்கிறவர், இந்த ஊரில் தனக்கும் ஒரு கணக்கு உண்டு என்று நினைப்பவர்.

பலவீனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இது காப்புக்காடு. மன்றத்துக்குப் பொறுப்பு வந்த அளவுக்கு உரிமை வரவில்லை. திட்டப் பணம் நிற்கும்போது மன்றமும் தளர்வது இதனால்தான். கால்வாய்ச் செலவில் ஒரு பங்கை ஊர் நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் தூர்வாரும் கூலி கொடுக்க ஏற்பாடு இருந்தால் நாலு வருஷம் தாண்டும்.

கிடைத்தது எவ்வளவு

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், 1986-க்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தில் அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது. நட்ட கன்றின் எண்ணிக்கையைச் சொல்லாமல் காட்டின் பரப்பைச் சொல்லும் கணக்கு என்பதால் இதற்கு மதிப்பு. கூப்பு நின்றதும், காவல் கூடியதும், தானாக முளைத்ததும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. மீன்முள் கால்வாய் முறை பிறகு முத்துப்பேட்டைக்கும் போனது, ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் போனது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பேச்சு வேறு திசையில் திரும்பியது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, கடலைப் பார்த்து இருந்தவை அடிபட்டன என்று எல்லோரும் சொன்னார்கள். பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குக்கிராமங்களை வைத்து 2005-ல் வந்த ஆய்வும் அதைத்தான் சொன்னது. அதே தரவை 2006-ல் மறுபடி அலசியவர்கள், ஊரின் உயரமும் கடலிலிருந்து தூரமும்தான் பெரும்பங்கை விளக்குகின்றன, காட்டின் பங்கு தனியாக நிற்கவில்லை என்றார்கள். காடு இருக்கும் இடம் இயல்பாகவே உள்ளொதுங்கிய இடம்தானே. அலையின் வேகத்தை மரம் தணிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அதை மட்டுமே சொல்லி அலையாத்தி நடப் பணம் கேட்டதன் விளைவு, சுனாமிக்குப் பின் பல இடங்களில் மணற்கரையிலும் பறவை இறங்கும் சேற்றுத் தரையிலும் கன்று ஊன்றியதுதான். அங்கே அது இயற்கையாக வளர்வதும் இல்லை, வளரவும் இல்லை.

கால்வாய் எட்டாத இடம்

மீன்முள் கால்வாய் திட்டுக்குள் தேங்கிய உப்பைத் தீர்க்கும். ஓடையே உப்பானால் அதற்கு வழி இல்லை. கொள்ளிடத்தின் கீழணையும் மேலணையும் 1836-ல் வந்தவை. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பாசனமும் குடிநீரும் எடுக்க எடுக்க, முகத்துவாரத்துக்கு வரும் நன்னீர் குறைந்துகொண்டே போயிற்று. காட்டின் இனக்கலவையில் அது எழுதியிருக்கிறது. உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது, நன்னீர் வேண்டும் இனங்கள் சில காணாமலே போயின. கால்வாய் வெட்டி மீட்ட இடங்களிலும் வருவது வெண்கண்டல்தான். பரப்பு கூடியதென்று மகிழும்போதே இனம் குறைந்த காடு பெருகுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிற ஆண்டுகளில் கடலில் வீணாகக் கலக்கிறது என்ற பேச்சு தவறாமல் வரும். ஐந்தாறு நாளில் மொத்தமாகப் போகும் வெள்ளம் இந்தக் காட்டுக்கும் பெரிதாக உதவாது என்பது உண்மைதான். வண்டலைக் கொட்டும், முகத்துவார மணல்திட்டை உடைக்கும், அந்த அளவில் நல்லது. காட்டுக்கு வேண்டியது மாசி முதல் ஆனி வரை சிறுகச் சிறுக வரும் நீர். அதைக் கொண்டுவரக்கூடியது கான்சாகிப் கால்வாயும் வயல் வடிகால்களும். அவற்றில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, மதகு எந்த மாதம் இறங்குகிறது, வழியில் இறால் பண்ணை எதை வெளியே விடுகிறது என்பவை வேறு துறைகளின் கையில். கிராம மன்றத்தின் நுண்திட்டம் வனத்துறையின் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுகிறது.

அதனால் இன்று பிச்சாவரத்தில் புதிதாகக் கால்வாய் வெட்டும் எவரும் திட்டுக்குள் நடும் கம்புகளோடு ஒன்று கூடுதலாக, கான்சாகிப் கால்வாய் காட்டுக்குள் நுழையும் இடத்தில் நட்டு, ஆண்டு முழுக்க உப்பும் மட்டமும் குறித்து வருவது நல்லது. பங்குனியில் அங்கே ரிஃப்ராக்டோமீட்டர் கடல்நீர் அளவைக் காட்டினால், சந்தி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சுரபுன்னை விதையைப் பையில் போட வேண்டாம்.